மில்டனில் ஒரு நொய்யல்

(திருப்பூரில் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம், சமூகச் சிக்கல்கள் வழியாக உயர்நிலை ஆங்கிலம் கற்பிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் பார்க்கக் கனமான தலைப்புதான். ஆனால் திருப்பூரில் இதைப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் பலர் பனியன் தொழிலில் இருப்பவர்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் வகுப்பு முடிந்ததும் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ போகிறவர்கள். தொழிற்சாலை என்றால் என்ன என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கு இலக்கணத்தையும் சொல்வளத்தையும் மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்குத் தெரிந்த எதையும் நாம் ஆங்கில வகுப்புக்குள் விடுவதில்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெண்ணுக்குக் கூலிக் கணக்கு தெரியும், ஷிப்மென்ட் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும், சாயத்தண்ணீர் எந்த ஓடையில் கலந்தது என்று தெரியும். அதே பெண் ஆங்கில வகுப்பில் விமான நிலையத்தில் வழி கேட்கும் உரையாடலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எந்த மொழியும் வளராது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு பார்ட் டூ இங்கிலீஷ் என்றால் என்னவென்று தெரியும். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், அதற்கப்புறம்தான் பி.காம்., பி.எஸ்சி. என்று அவரவர் பாடம். பார்ட் டூ தாளைப் பெரும்பாலும் தேர்வுக்கு முந்தின வாரம் கைடு வாங்கித்தான் படிக்கிறார்கள். கவிதையின் சாரம், உரைநடையின் சாரம், பிறகு ஒரு பொதுக் கட்டுரை. அந்தக் கட்டுரையில் சமூகச் சிக்கல் தவறாமல் வந்துவிடும். குழந்தைத் தொழிலாளர் முறை ஒரு சாபக்கேடு என்று தொடங்கி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடியும். அதை மனப்பாடம் செய்து எழுதுகிற பிள்ளை பள்ளி விடுமுறையில் பிசிறு வெட்டப் போனவளாக இருப்பாள். அவள் கட்டுரையில் அந்தக் கத்திரிக்கோல் இருக்காது. கைடு எழுதியவருக்குத் தெரிந்தது மட்டும் இருக்கும்.

சரி, உயர்நிலை ஆங்கிலம் என்றால் என்ன? பெரிய பெரிய சொற்களைப் போட்டு எழுதுவது என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஐரோப்பிய அவை 2001-இல் மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரித்து ஒரு சட்டகம் வெளியிட்டது. இன்று உலகம் முழுக்கத் தேர்வு நடத்துகிறவர்கள் ஏ1 முதல் சி2 வரை என்று பேசுவது அதிலிருந்துதான். அதில் பி2 படிக்கு வந்தவர் ஒரு பிரச்சினையில் தம் நிலையைச் சொல்லி, மற்ற வழிகளின் நன்மை தீமையையும் எடுத்துவைக்க வேண்டும். சி1 படியில் இருப்பவர் நீண்ட கடினமான எழுத்தைப் படித்து, வெளிப்படையாகச் சொல்லாத பொருளையும் பிடிக்க வேண்டும். கவனித்துப் பாருங்கள், இரண்டுமே வாதம் செய்கிறவருடைய திறமைகள். எதிராளி சொல்வதில் பாதியை ஒப்புக்கொண்டு மீதியை மறுப்பது, உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் வேறு வேறு தொனியில் சொல்வது, எழுதினவர் எதை மறைக்கிறார் என்று மோப்பம் பிடிப்பது. வழி கேட்கும் உரையாடலில் இதற்கெல்லாம் வேலையே கிடையாது.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி வேண்டும். நான் பேசுவது வாய் திறந்தபிறகு உள்ள கதை. நேர்காணலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மெர்ச்சண்டைசிங்கில் உட்கார்ந்து, கோபமாக இருக்கும் ஒரு பையருக்கு, தவறு எங்கே நடந்தது, யார் பொறுப்பு, யார் பொறுப்பில்லை என்று ஒரு பக்கம் எழுத வேண்டி வருகிறது. அந்த ஒரு பக்கம்தான் உயர்நிலை ஆங்கிலம். அதை எதைக் கொண்டு கற்பிப்பது?

ஒரு பழைய நாவலைக் கொண்டு என்கிறேன்.

1853-54இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்துப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். அப்போது லண்டனில் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை நடத்திவந்த சார்லஸ் டிக்கன்ஸ், 1854 ஜனவரியில் பிரஸ்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏப்ரலில் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலைத் தம் பத்திரிகையில் தொடராகத் தொடங்கினார். ஆகஸ்டில் அது முடிந்தது. செப்டம்பரில் அதே பத்திரிகையில் எலிசபெத் காஸ்கெல் அம்மையாரின் 'நார்த் அண்ட் சவுத்' தொடங்கியது. இரண்டும் ஆலை நகரத்துக் கதைகள். டிக்கன்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். காஸ்கெல் மான்செஸ்டரிலேயே குடியிருந்தவர், அங்கே ஒரு பாதிரியாரின் மனைவி. நம் பாடத்திட்டங்களில் டிக்கன்ஸுக்குத்தான் முதல் நாற்காலி. திருப்பூருக்கு எனக்குக் காஸ்கெல் போதும்.

அவர் கற்பனை செய்த ஆலை நகரத்தின் பெயர் மில்டன். கவிஞர் மில்டனைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது மான்செஸ்டருக்கு அவர் வைத்த மாற்றுப்பெயர். தெற்கே பசுமையான கிராமத்திலிருந்து மார்கரெட் என்ற பெண் பெற்றோருடன் அங்கே குடிவருகிறாள். ஆலை முதலாளி தார்ன்டன், தொழிற்சங்கக்காரர் ஹிக்கின்ஸ், ஹிக்கின்ஸின் மகள் பெஸ்ஸி ஆகியோரோடு அவளுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. பெஸ்ஸி கார்டிங் அறையில் வேலை பார்த்தவள். பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்துப் பத்தொன்பது வயதில் செத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கட்டத்தில் பெஸ்ஸி மார்கரெட்டிடம் தூசியை இழுத்து வெளியே தள்ளும் பெரிய விசிறிச் சக்கரத்தைப் பற்றிச் சொல்கிறாள். அதை மாட்ட ஐந்நூறு அறுநூறு பவுன் ஆகும், அதனால் லாபம் ஒன்றும் வராது, ஆகவே சில முதலாளிகள்தான் மாட்டுகிறார்கள். இதுவரை நாம் எதிர்பார்ப்பதுதான். அடுத்தபடி அவள் சொல்வதுதான் முக்கியம். தூசியை விழுங்கிப் பழகிவிட்டதால் பசி தெரியாமல் இருந்தது, விசிறி வந்தபிறகு பசிக்கிறது, அப்படியானால் கூலியைக் கூட்டு என்று சில தொழிலாளர்களே அந்த விசிறி வேண்டாம் என்றார்களாம்.

இந்த இடத்தை வகுப்பில் வைத்தால் என்ன நடக்கும்? கைடு எதுவும் உதவாது. முதலாளி கெட்டவர், தொழிலாளி நல்லவர் என்ற ஒற்றை வரியில் இது அடங்காது. பாதுகாப்புக்குப் பணம் யார் போடுவது, லாபம் வராத செலவை ஒரு முதலாளி மட்டும் செய்தால் போட்டியில் நிற்பாரா, எல்லோரும் செய்யவேண்டும் என்றால் சட்டம் வேண்டுமா, பசி நோயை விடப் பெரிதா? பல்லடம், உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களுக்கு அக்காவை அனுப்பிய வீட்டுப் பிள்ளைக்கு இதில் கருத்து இருக்கும். சாயப்பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் கருத்து இருக்கும், அவனுக்குக் கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் சுத்திகரிப்பு ஆலையின் செலவு தெரியும். இரண்டு பேரும் பேசியே ஆகவேண்டும் என்ற நிலை வருகிறபோது, உண்மைதான் ஆனால், அப்படியே வைத்துக்கொண்டாலும், இதனாலேயே அது நடந்தது என்று சொல்லிவிட முடியாது, என்பதற்கெல்லாம் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்த வாக்கிய அமைப்புகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் ஒரு சோதனை நடத்தினார். மாணவர் மனம் ஒரு காரியத்தை முடிப்பதில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கருதுகோள். இன்று உலகம் முழுக்கப் பணிவழி மொழிக்கல்வி என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தரும் முறைக்கு அந்தச் சோதனை ஒரு முக்கியமான ஊற்று. நம் மண்ணில் நடந்ததை நாமே வெளிநாட்டுப் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்கிறோம். பிரபுவின் மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்கு வரைபடமும் கால அட்டவணையும் போதுமானதாக இருந்தன. கல்லூரிப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய காரியம் அதைவிடக் கனமாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நான் சேர்ப்பது.

காஸ்கெல்லிடம் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். வேலைநிறுத்தத்தை முறிக்கத் தார்ன்டன் அயர்லாந்திலிருந்து ஆள் இறக்குகிறார். பட்டினியில் கிடக்கும் உள்ளூர்த் தொழிலாளர்கள் ஆலை வாசலில் கொந்தளிக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இல்லாமல் திருப்பூரில் இன்று லைன் ஓடாது. அவர்களும் இந்த அயர்லாந்துக்காரர்களும் ஒன்றா? வேறு என்றால் எங்கே வேறு? இங்கே யாரும் வேலைநிறுத்தத்தை உடைக்க அவர்களைக் கூட்டிவரவில்லை, ஆள் போதவில்லை என்று கூட்டிவந்தார்கள் என்று ஒரு மாணவர் சொல்லலாம். கூலி ஏறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்னொருவர் மறுக்கலாம். ஒற்றுமையைக் காட்டுவது சுலபம். ஒப்புமை எந்த இடத்தில் உடைகிறது என்று எழுதச் சொல்லுங்கள், அப்போது தெரியும் யாருக்கு ஆங்கிலம் வருகிறது என்று.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. திருப்பூரில் பதற்றம் இருந்தது. அந்த வாரத்து ஆங்கிலச் செய்திகளை நாள் வரிசைப்படி அடுக்கி, எது நேரில் பார்த்தவர் சொன்னது, எது காதால் கேட்டது, எது மறுநாள் சத்தமில்லாமல் திருத்தப்பட்டது என்று பிரிக்கச் சொன்னால், வாசிப்புப் பயிற்சிக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

காஸ்கெல்லின் நாவலில் பவுச்சர் என்ற ஏழைத் தொழிலாளி தண்ணீரில் விழுந்து உயிரை விடுகிறான். பிணத்தைத் தூக்கி வருகிறபோது அவன் தோலில் நிறம் ஏறியிருக்கிறது. அந்த ஓடைத் தண்ணீர் சாயம் போடப் பயன்பட்ட தண்ணீர். காஸ்கெல் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். லண்டன் வாசகர் அதைத் தாண்டிப் போயிருப்பார். சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றங்கரையில் வளர்ந்தவர் தாண்ட முடியாது.

நொய்யலின் கதையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்பது நமக்கு வாய்த்த ஒரு வேடிக்கையான வசதி. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006-இல் உயர் நீதிமன்றம், 2009-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள், மறுபடியும் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணை, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, சாயக்கழிவு தேங்கும் குளமாகப் போனது எப்படி என்று அவற்றில் வருகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை நீதிபதிகள் எப்படி வாதத்தில் கட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். இதே நொய்யலைப் பற்றி இந்த ஊர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் 1998-இல் 'சாயத்திரை' என்று ஒரு நாவல் எழுதினார். அது ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. தீர்ப்பு, நாவல், ஆணைக்குப் பிறகு வேலை இழந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தி, மூன்றையும் ஒரே வாரத்தில் வாசிக்கவையுங்கள். ஒரே ஆறு மூன்று விதமான ஆங்கிலத்தில் ஓடுவது தெரியும். நீதிபதி எதை விடுகிறார், நாவலாசிரியர் எதை விடவே மாட்டார் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் போதும்.

இங்கே இலக்கணத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சமூகம், இலக்கியம் என்று பேசுகிறவர்கள் இலக்கணத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான், பலர் கைவிட்டுவிட்டார்கள். செயப்பாட்டு வினையை நாம் எப்படி நடத்துகிறோம்? ராமன் மாம்பழம் தின்றான், மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது. மூன்று தலைமுறையாக அந்த மாம்பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறோம்.

அதற்குப் பதிலாக இதைப் பாருங்கள். 1911 மார்ச் 25 சனிக்கிழமை மாலை, நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் கம்பெனி. 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்றும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. முடியவில்லை. இருவரும் விடுதலையானார்கள்.

கதவு பூட்டப்பட்டிருந்தது. யாரால்? அந்த வாக்கியத்தில் பூட்டினவருக்கு இடமே இல்லை. செயப்பாட்டு வினையின் பயன் அதுதான்: செய்தவரைச் சொல்லாமல் செயலைச் சொல்ல முடியும். சில நேரம் அது நேர்மையான தேவை, செய்தவர் யாரென்று தெரியாதபோது. சில நேரம் அது ஒளிந்துகொள்ளும் இடம். கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டது, எமர்ஜென்சி எக்ஸிட் அடைக்கப்பட்டிருந்தது காணப்பட்டது, கூடுதல் நேரக் கூலி கணக்கில் சேர்க்கப்படவில்லை. பையர்களின் ஆடிட் அறிக்கைகளும், அவற்றுக்குக் கம்பெனிகள் எழுதும் பதில்களும் இந்த வாக்கியங்களால் ஆனவை. ஒரு பத்தியை எடுத்துச் செயப்பாட்டிலிருந்து செய்வினைக்கு மாற்றச் சொல்லுங்கள். எழுவாய் வேண்டும் என்றவுடன் மாணவர் யோசிக்கத் தொடங்குவார். சூப்பர்வைசரா, கான்ட்ராக்டரா, மேனேஜரா, அவசரம் அவசரம் என்று நெருக்கிய பையரா? மாம்பழத்தில் கிடைக்காத இலக்கணம் இதில் கிடைக்கும்.

டிரையாங்கிளோடு சேர்த்து 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்த ராணா பிளாசாவையும் வைக்கலாம். 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். இதன் செய்தி அறிக்கைகளைக் கவிதையோடு சேர்த்துப் படிக்க வேண்டுமானால் ராபர்ட் பின்ஸ்கியின் 'ஷர்ட்' இருக்கிறது. ஒரு சட்டையின் பாகங்களையும் தையல் சாமான்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே டிரையாங்கிள் தீக்குள் போகிற கவிதை. ஆங்கில ஆசிரியர்கள் அதன் தொழில் சொற்களுக்கு அகராதி தேடுவார்கள். பவர்டேபிளில் உட்கார்ந்த பிள்ளைகள் தேட மாட்டார்கள். அன்றைக்கு ஒரு நாள் வாத்தியாருக்குப் பிள்ளைகள் சொல்லித்தரட்டும். அதுவும் ஆங்கிலத்தில்.

தாமஸ் ஹூட் 1843-இல் எழுதிய 'சாங் ஆஃப் தி ஷர்ட்' ஞாபகம் வரும் சிலருக்கு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஏழைப் பெண்ணைப் பற்றியது, அந்தக் காலத்தில் இங்கிலாந்தையே உலுக்கியது. என்னைக் கேட்டால் உயர்நிலை வகுப்புக்கு அது உதவாது. பரிதாபப்படுவதைத் தவிர மாணவருக்கு அதில் செய்ய வேறொன்றும் இல்லை.

பரிதாபம் என்றதும் ஓர் எச்சரிக்கை. சமூகச் சிக்கலை வகுப்புக்குக் கொண்டுவருகிற ஆசிரியர்கள் செய்யக்கூடிய மோசமான காரியம், பிள்ளைகளின் வீட்டு வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது. உன் அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்று நாற்பது பேர் நடுவில் கேட்கக்கூடாது. முதலாளி வீட்டுப் பிள்ளையும் அதே பெஞ்சில்தான் இருக்கிறான், அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் கூடாது. கம்பெனி வைத்திருப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் பனியன் கம்பெனிகளில் கைவேலை செய்தவர்கள் என்பது இந்த ஊரின் வரலாறு. சரத் சாரி 2004-இல் வெளியிட்ட 'ஃப்ரேட்டர்னல் கேப்பிட்டல்' என்ற ஆய்வு நூல் முழுக்க அதைப் பற்றித்தான். நாவல் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. தார்ன்டனைப் பற்றிப் பேசும்போது அப்பாவைப் பற்றிப் பேசுவதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. தார்ன்டன் பிற்பாடு தொழிலில் நொடித்துப்போகிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது ஆர்டர் நின்ற வீடுகளில் அந்த அத்தியாயம் எப்படி வாசிக்கப்படும் என்று நான் சொல்லவேண்டுமா?

காஸ்கெல்லையும் கும்பிட்டு ஏற்கவேண்டியதில்லை. மில்டனில் நூற்ற பஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களிலிருந்து. நெய்த துணி எங்கே போனது? நம் நெசவாளர்களின் தறியை நிறுத்தவும் போனது. நாவல் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை. ஒரு நூல் பேசாமல் விட்டதைச் சுட்டி எழுதுவது சி1 படியின் உச்சி வேலை. இந்தப் பஞ்சுச் சீமைப் பிள்ளைக்கு அதைச் செய்யும் தகுதி லண்டன் மாணவரைவிட அதிகம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடித்தால் நான் நேர்மையற்றவன். அதற்கு ஒரு சுற்று வழியில் வருகிறேன். திருப்பூர்த் தொழில் வரலாறு ஓர் இத்தாலிய வணிகரிலிருந்து ஏற்றுமதிக் கதையைத் தொடங்கும். 1978-இல் வந்த அவர் பெயர் வெரோனா என்பார்கள். வெரோனா என்றால் ஆங்கில ஆசிரியர்களுக்கு ரோமியோ ஜூலியட்டின் ஊர். பகையுள்ள இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் காதலித்துச் செத்த கதையை நாம் ஆண்டுக்கணக்காக நடத்துகிறோம், வரி பிசகாமல். 2016 மார்ச் 13 அன்று நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக்கொல்லப்பட்டார், அவர் மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். சாதி மாறி மணந்ததுதான் காரணம். அடுத்த வாரம் எத்தனை ஆங்கில வகுப்புகளில் அதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னோம்?

நேரடியாகப் பேசுவது சில வகுப்புகளில் ஆபத்து என்பது எனக்குத் தெரியும். பெருமாள்முருகனின் 'பூக்குழி' இருக்கிறது. இந்தக் கொங்கு மண்ணின் கதை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வந்த இரண்டு இளசுகளை ஊர் என்ன செய்கிறது என்பது. 2013-இல் வந்த நாவல், அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் 'பைர்' என்று 2016-இல் ஆங்கிலத்துக்குப் போனது, 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. இதில் நம் மாணவர்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. மாமியார்க்காரி ஏசும் ஏச்சு கொங்குத் தமிழில் எப்படி இருக்கும் என்று அவர்கள் காதுக்குத் தெரியும். ஒரு பக்கத்தைத் தமிழில் கொடுத்து அவர்களையே ஆங்கிலமாக்கச் சொல்லி, அதன்பிறகு அச்சான மொழிபெயர்ப்பைக் கையில் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு சண்டை போடுவார்கள். போடட்டும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போடுகிற பிள்ளைக்கு நீங்கள் வேறு பயிற்சி கொடுக்கத் தேவையில்லை.

தேர்வு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதுதான் முட்டுக்கட்டை. பாடம் மாறினாலும் கேள்வித்தாள் மாறாவிட்டால் 'நார்த் அண்ட் சவுத்'துக்கும் காதர்பேட்டைச் சந்தைச் சரக்குபோல் மலிவு விலையில் ஒரு கைடு வந்துவிடும், பெஸ்ஸியின் நோயைப் பற்றி இருநூறு சொற்களில் எழுதுக என்று ஒரு கேள்வியும் வந்துவிடும். பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பார்ட் டூ தாளில் ஓர் அலகை மட்டும் கல்லூரிக்கு விட்டுக்கொடுங்கள். எந்தக் கல்லூரி எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதியின் எழுத்துகள் அதில் இருக்கட்டும். அந்த அலகுக்குப் புத்தகம் திறந்துவைத்து எழுதும் தேர்வு வையுங்கள். புத்தகம் திறந்திருந்தால் மனப்பாடத்துக்கு மதிப்பில்லை, வாதத்துக்குத்தான் மதிப்பு.

தொழில் செய்யும் பெரியவர்களுக்கும் ஒன்று. ஆங்கிலம் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். உங்கள் கம்பெனிக்கு வந்த பழைய ஆடிட் அறிக்கைகள், பையர் கடிதங்கள், அவர்கள் சுவரில் ஒட்டச் சொல்லும் நடத்தை விதிகள், இவற்றில் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்துக் கல்லூரிக்குக் கொடுங்கள். உங்களுக்குச் செலவில்லை. வேலைக்கு எடுத்தபிறகு நீங்கள் ஒரு வருடம் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் படிக்கும்போதே பழகிவிடுவார்கள். கேள்வி கேட்கவும் பழகிவிடுவார்கள் என்பது உண்மைதான். இரண்டும் சேர்ந்துதான் வரும், பிரித்து வாங்க முடியாது.

ஆசிரிய நண்பர்கள் பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 'நார்த் அண்ட் சவுத்' காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. முழு நாவலையும் நடத்த நேரம் கிடைக்காது, நடத்தவும் வேண்டாம். பெஸ்ஸி அந்த விசிறியைப் பற்றிச் சொல்வது பதின்மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. இரண்டு மூன்று பக்கம்தான். அடுத்த வாரம் அதை நகலெடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.